போனுக்குள் அடிக்கும் காலிங் பெல்

ராதாபுரம் பஸ் ஸ்டாண்டில் வள்ளியூர் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் போனில் பாட்டு கேட்டுக்கொண்டே திரையைத் தொடுகிறார். அந்த நொடியில் பிராசஸருக்கு ஒரு மணி அடிக்கிறது: ‘செய்வதை நிறுத்து, இங்கே பார்!’ இதற்குப் பெயர் இன்டரப்ட். மணி கேட்டதும் ஓடிப்போய்க் கதவைத் திறப்பது கெர்னல். ஆண்ட்ராய்டு போன்களில் அது லினக்ஸ் கெர்னல்.

மணி அடிப்பவர்கள் ஒரே ரகம் இல்லை. கூரியர்காரர் ஒரு தட்டு தட்டிவிட்டு நகர்ந்துவிடுவார், கவனிக்காவிட்டால் போச்சு. பக்கத்து வீட்டுப் பையனோ கதவு திறக்கும்வரை சுவிட்சிலிருந்து விரலை எடுக்கமாட்டான். ஆரம்பத்தில் லினக்ஸ் எல்லோரையும் ஒரே நிரலால் சமாளிக்கப் பார்த்தது. நம் போன்களில் இருக்கும் ஆர்ம் சிப்புகளுக்கு அது ஒத்துவரவில்லை. ரஸ்ஸல் கிங் என்பவர் ஆளுக்கேற்ப ரகம் பிரித்துத் தனி நிரல் எழுதினார். மற்ற சிப்புகளுக்கும் இப்படி ஆளாளுக்கு ஒன்று. ஒரு வீட்டில் ஒழுகலை அடைத்தால், அதே ஒழுகல் அடுத்த வீட்டில் தொடரும் கதைதான்.

2006-ல் தாமஸ் கிளெய்க்ஸ்னரும் இங்கோ மோல்னாரும் ரஸ்ஸல் கிங்கின் யோசனையை எல்லா சிப்புக்கும் பொதுவாக்கினார்கள். லினக்ஸ் 2.6.18-ல் அது வந்தது. ஆனால் எல்லோரும் உடனே மாறிவிடவில்லை. அதனால் கெர்னலின் அமைப்புப் பட்டியலில் ‘இந்த சிப்புக்குப் பொது முறை உண்டா, இல்லையா?’ என்ற கேள்வி அப்படியே இருந்தது. சிப்புக்கு சிப் சிதறிக் கிடந்த மற்ற இன்டரப்ட் ஆப்ஷன்களை ஒரே கோப்புக்குக் கொண்டுவந்தார்கள். வேண்டியதை டிக் செய்தால் போதும் என்றானது.

கடைசிவரை மாறாமல் நின்றது பெரிய வங்கிகள் நம்பியிருக்கும் ஐபிஎம் மெயின்ஃபிரேம். அதன் இன்டரப்ட் முறையே வேறு என்பதால் பிடிவாதம் என்று சொல்லிவிட முடியாது. 2013-ல் அதுவும் மாறியதும், அந்தக் கேள்விக்கு ‘இல்லை’ என்று சொல்ல ஆளே இல்லை. லினக்ஸ் 3.12-ல் கேள்வியையே நீக்கிவிட்டார்கள். புது வசதி வந்தால் விளம்பரம் உண்டு. ஒரு கேள்வி ஒழிந்ததற்கு யார் போஸ்டர் ஒட்டப்போகிறார்கள்?

பலன் பின்னால் வந்தவர்களுக்கு. ரிஸ்க்-ஃபைவ் என்ற புதிய சிப் குடும்பம் 2018 ஜனவரியில், 4.15 பதிப்பில், லினக்ஸுக்குள் வந்தது. சென்னை ஐஐடி-யின் ‘சக்தி’ பிராசஸரும் இந்தக் குடும்பம்தான். அதே ஆண்டு அதில் லினக்ஸ் ஓடியது. கதவு திறக்கும் நிரலை இந்தக் குடும்பத்துக்கு மறுபடி முதலிலிருந்து எழுத வேண்டியிருக்கவில்லை. தன் மணி எப்படி அடிக்கும் என்பதை மட்டும் சொன்னால் போதுமானதாக இருந்தது.