உம்பட புள்ளைக்கு எதுக்குப்பா பிசிக்ஸு?

பத்தாங்கிளாஸ் ரிசல்ட் வந்ததும் கொமரலிங்கம் சேரியில் வருசா வருசம் ஒரு பேச்சு நடக்கும். புள்ளை ஃபர்ஸ்ட் குரூப் எடுப்பதா, வேண்டாமா? கணக்கைப் போட்டுப் பழகிக்கலாம், கெமிஸ்ட்ரியை உருப்போட்டுக்கலாம், பிசிக்ஸில்தான் மாட்டிக்குவே என்கிறார்கள். இந்தப் பயத்தை எங்க சனங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது யார்?

"உம்பட புள்ளைக்கு எதுக்குப்பா பிசிக்ஸு? பெயிலாயிட்டா சீரழிஞ்சு போயிரும். தொழிற்கல்வி குரூப்பு எழுது. ரெண்டு வருசத்துல பனியன் கம்பெனிக்குப் போயிக்கலாம்."

அண்ணன் தன் மகளுக்கு அட்மிசன் கேட்டுப் போன ஒரு பள்ளிக்கூடத்தில் கிடைத்த அறிவுரை இது. நானும் கூட நின்றிருந்தேன். எங்களுக்கு முன்னால் வந்த தோட்டத்துக்காரருக்கு 'வாங்க, உக்காருங்க', அண்ணனுக்கு 'என்னப்பா'. அந்தத் தோட்டத்துக்காரர் மகனுக்கு எங்கள் பிள்ளையைவிட மார்க் குறைவு. அவனை யாரும் பிசிக்ஸைக் காட்டி மிரட்டவில்லை. தொழிற்கல்வி கேவலமில்லை. அவ்வளவு நல்லது என்றால் அவனுக்கும் அதையே சொல்லியிருக்க வேண்டியதுதானே?

அக்கறையாகப் பேசுவது போலத்தான் இருக்கும். 1953இல் ராஜாஜி அரைநாள் பள்ளிக்கூடம், அரைநாள் அப்பன் தொழில் என்று கொண்டுவந்ததும் அக்கறை வேசம் கட்டித்தான் வந்தது. குலக்கல்வி என்று பெயர் சொல்லி எதிர்த்தார்கள், 1954இல் ஒழிந்தது. இப்போது அதற்குத் திட்டமெல்லாம் வேண்டாம். ஒரு விண்ணப்பப் பாரமும், உதட்டைப் பிதுக்குகிற ஒரு வாத்தியாரும் போதும். அம்பேத்கர் பள்ளியில் சமஸ்கிருதம் எடுக்க விரும்பினார். தீண்டப்படாத பிள்ளைக்குக் கிடையாது என்றார்கள், பாரசீகம் எடுக்க வேண்டியதாயிற்று. அன்றைக்கு முகத்துக்கு நேரே மறுத்தார்கள். இன்றைக்கு 'உனக்குக் கஷ்டம்' என்கிறார்கள்.

கஷ்டம்தான். ஆனால் யாரால் கஷ்டம்? வெர்னியர் அளவியைப் படத்தில் மட்டுமே பார்த்துவிட்டு செய்முறைத் தேர்வுக்குப் போகிற பிள்ளைக்குக் கஷ்டமாக இல்லாமல் என்ன செய்யும்? தமிழ்நாட்டில் பல தனியார் பள்ளிகள் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை நடத்தாமலே தாண்டி, பன்னிரண்டாம் வகுப்பை ரெண்டு வருசம் நடத்தி மார்க் வாங்கிக் கொடுத்தன. விசை, இயக்கம், ஈர்ப்பு, வெப்பம், அலை எல்லாம் அந்தப் பதினொன்றில்தான் இருக்கிறது. இதைத் தடுக்கத்தான் 2017-18இல் பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு வந்தது. 2025இல் அதையும் எடுத்துவிட்டார்கள். பிள்ளைகளுக்குச் சுமை குறைந்தது என்று சந்தோசப்படுகிறவர்கள், அந்தப் புத்தகம் திறக்கப்படுகிறதா என்றும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளட்டும். காசுள்ளவன் விட்ட பாடத்தைக் கோச்சிங்கில் பிடித்துக்கொள்வான். எங்களுக்கு வகுப்பை விட்டால் வேறு கதியில்லை.

பிசிக்ஸை விட்டால் என்ன போகும் என்று அந்த மேசைக்காரர்கள் சொல்ல மாட்டார்கள். எம்.பி.பி.எஸ். போகும். பொறியியல் கலந்தாய்வில் பெரும்பாலான இடங்கள் போகும். நீட்டில் மொத்தம் 720, அதில் இயற்பியலுக்கு மட்டும் 180. பதினைந்து வயதில் ஒரு கட்டத்தில் போடும் டிக்கில் இத்தனையும் அடங்கியிருக்கிறது.

எங்க சனத்துக்குப் பிசிக்ஸ் வராதாம்! அரியலூர் மாவட்டம் குழுமூர் அனிதா, மூட்டை தூக்கும் தலித் தொழிலாளியின் மகள், இயற்பியலில் 200க்கு 200. மொத்தம் 1200க்கு 1176. வராத சனம் வாங்கிய மார்க்கா இது? அவள் வாங்கிய மார்க்கைத் தள்ளிவிட்டு வேறு பரீட்சையைக் கேட்டார்கள். 2017 செப்டம்பர் 1 அன்று அந்தப் பிள்ளையை இழந்தோம்.

எங்கள் ஊரில் இன்னொரு பேச்சும் உண்டு, தாழ்ந்த குரலில்: "இஞ்சினியரிங் படிக்கப் போனதாலதான சங்கருக்கு அப்படி ஆச்சு?" சங்கர் இந்தக் கொமரலிங்கத்துப் பையன். பொள்ளாச்சியில் பொறியியல் படித்தார், உடன் படித்த கௌசல்யாவை மணந்தார். 2016 மார்ச் 13, உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம் அருகே பட்டப்பகலில் வெட்டிக் கொன்றார்கள். 2017 டிசம்பரில் திருப்பூர் நீதிமன்றம் ஆறு பேருக்குத் தூக்கு விதித்தது. 2020 ஜூனில் உயர்நீதிமன்றம் கௌசல்யாவின் தந்தையை விடுவித்து, ஐந்து பேருக்கு ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. சங்கரை வெட்டியது சாதி. அதற்குப் படிப்பின் மேல் பழி போட்டால், சேரியிலிருந்து கல்லூரிக்குக் கிளம்பும் அடுத்த பிள்ளையை நாமே வாசலில் மறிக்கிறோம். வெட்டியவர்களுக்கு வேண்டியதும் அதுதான்.

பயப்படுகிற அம்மா அப்பாவைக் குறை சொல்லவில்லை. திருப்பூருக்குப் போனால் சனிக்கிழமை சம்பளம் கைக்கு வரும், பிசிக்ஸ் படித்தால் ஆறு வருசம் கழித்து என்ன வரும் என்று தெரியாது. ஆனால் பவர்டேபிளில் உட்காருவதா, பதினொன்றில் உட்காருவதா என்பதைப் பிள்ளை சொல்லட்டும், பெத்தவர்கள் சொல்லட்டும். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் சொல்லக்கூடாது.

பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர் உட்கார இடமிருக்கிறது. இந்த வருசம் போய் உட்காருங்கள். பிசிக்ஸ் வாத்தியார் இடம் காலியா, ஆய்வகம் போன வருசம் எத்தனை நாள் திறந்தது, சேரிப் பிள்ளைகள் எத்தனை பேர் ஃபர்ஸ்ட் குரூப் கேட்டு எத்தனை பேருக்குக் கொடுத்தார்கள்? இந்த மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். பதிலையும் எழுத்திலேயே வாங்குங்கள்.