சோறு போட்டால் போதுமா? தின்ன நேரம் வேண்டாமா?

ஆபீசில் வேலை பார்க்கும் குமாஸ்தாவுக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரம் உண்டு. மில் தொழிலாளிக்குச் சங்கு ஊதினால் டிபன் கேரியரைத் திறக்கலாம். கடைச் சிப்பந்தியை நாலு மணி நேரத்துக்கு மேல் ஒரே மூச்சாக வேலை வாங்கக்கூடாது, ஒரு மணி நேரம் ஓய்வு தர வேண்டும் என்று தமிழ்நாட்டுக் கடைகள் சட்டம் சொல்கிறது. அது 1947-ல் வந்த சட்டம்.

1948-ல் வந்த ஃபாக்டரி சட்டமும் அப்படித்தான் எழுதி வைத்தது. தொடர்ந்து 5 மணி நேரம் வேலை செய்தால் நடுவில் அரை மணியாவது ஓய்வு!

பெரியவர்களுக்கு இவ்வளவு பாதுகாப்பு இருக்கிறது. சரி.

கவர்மெண்ட் ஸ்கூலில் படிக்கிற ஏழு வயசுப் பிள்ளைக்கு?

அதற்கு மட்டும் சட்டத்தில் ஒரு வரி கூட இல்லை!

கணக்கில் வராத நிமிடம்

2009-ல் இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் வந்தது. அதன் பின்னால் ஓர் அட்டவணை இருக்கிறது. 1 முதல் 5-வது வகுப்பு வரை வருடத்துக்கு 200 வேலை நாள், 800 மணி நேரம் பாடம். 6 முதல் 8-வது வரை 220 நாள், 1,000 மணி நேரம் பாடம். வாத்தியாருக்கு வாரம் 45 மணி நேர வேலை, பாடத் தயாரிப்பு உள்பட. குடிதண்ணீர் வேண்டும், ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கழிவறை வேண்டும், சமையல்கட்டு வேண்டும், விளையாட்டு மைதானம் வேண்டும். எல்லாம் இருக்கிறது.

தண்ணீர் குடிக்க எத்தனை நிமிடம்? கழிவறைக்குப் போக எத்தனை நிமிடம்? உட்கார்ந்து சாப்பிட எத்தனை நிமிடம்? அந்த அட்டவணையில் தேடினாலும் கிடைக்காது.

குழாய்க்கு விதி உண்டு. குழாயடிக்குப் போக விதி இல்லை!

அதனால் இடைவேளை என்பது டைம்டேபிள் போடுகிறவர் கையில் விட்ட காரியமாகி விட்டது. ஒரு பள்ளியில் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம், இன்னொரு பள்ளியில் 40 நிமிடம். பரீட்சை நெருங்கினால் அதிலும் ஒரு கடி. "போர்ஷன் முடியலை" என்று சொன்னால் போதும், இடைவேளை சுருங்கி விடும்.

நூறு வருடச் சோறு

தமிழ்நாடு இந்த விஷயத்தில் பின்தங்கிய ராஜ்யம் அல்ல. நாட்டுக்கே வழி காட்டிய ராஜ்யம்.

1920-ல் சென்னை நகரசபைத் தலைவராக இருந்தவர் சர் பிட்டி தியாகராயர். ஆயிரம் விளக்கு நகரசபைப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மத்தியானச் சாப்பாடு போட அப்போதே ஏற்பாடு செய்தார்கள். தலைக்கு ஓர் அணாவுக்கு மேல் போகக்கூடாது என்று கணக்கு. பிறகு அது நின்று போனது.

1956-ல் காமராஜர் மதிய உணவைக் கொண்டு வந்தார். பசித்த பிள்ளை பள்ளிக்கு வராது என்பதுதான் அவர் கண்ட உண்மை. 1982 ஜூலை 1-ந்தேதி எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கினார். முதலில் கிராமம், அதே வருடம் நகரம். 1984-ல் அது பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கும் வந்தது. 1989-ல் கலைஞர் ஆட்சியில் தட்டில் முட்டை விழுந்தது. 2010-ல் அது வாரத்துக்கு ஐந்து முட்டையானது. 2022 செப்டம்பரில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலைச் சிற்றுண்டி தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசு தொடக்கப்பள்ளிகளுக்கும் போனது.

கட்சி மாறியது, கொடி மாறியது. சோறு மட்டும் நிற்கவில்லை. இது சாதாரண சாதனை அல்ல.

2001 நவம்பர் 28-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டும் ஓர் உத்தரவு போட்டது. அரசு, அரசு உதவி பெறும் தொடக்கப்பள்ளிகள் எல்லாவற்றிலும் சமைத்த சாப்பாடு கொடுத்தாக வேண்டும் என்றது. 2013-ல் உணவுப் பாதுகாப்புச் சட்டமும் 2015-ல் மதிய உணவு விதிகளும் வந்தன. தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு 450 கலோரி, 12 கிராம் புரதம். நடுநிலைப் பள்ளிப் பிள்ளைக்கு 700 கலோரி, 20 கிராம் புரதம். அரிசி வராமலோ சமையல் ஆள் இல்லாமலோ சாப்பாடு நின்று போனால், அதற்கு ஈடாகப் படி தர வேண்டும் என்றுகூட விதி இருக்கிறது.

கலோரிக்குக் கணக்கு, புரதத்துக்குக் கணக்கு, நின்று போன சாப்பாட்டுக்கும் கணக்கு. தின்ன நேரத்துக்கு மட்டும் கணக்கு கிடையாது!

ஆறு விநாடித் தண்ணீர்

கணக்கு என்றதும் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கடைக்காரர்களுக்கு இது மனக்கணக்கு.

ஒரு பள்ளியில் 600 பிள்ளைகள். ஆறு குழாய். காலை இடைவேளை 10 நிமிடம் என்று வைத்துக் கொண்டால், ஒரு குழாய்க்கு 100 பேர். பத்து நிமிடம் என்பது 600 விநாடி. ஆக, தலைக்கு ஆறே விநாடி!

அந்த ஆறு விநாடியில் வகுப்பிலிருந்து ஓடி வரவேண்டும், வரிசையில் நிற்க வேண்டும், கையை ஏந்திக் குடிக்க வேண்டும், மாடிப்படி ஏற வேண்டும். இன்னும் கழிவறைக்குப் போகவில்லை! ஆறு குழாயில் இரண்டு கெட்டுப் போயிருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அவசரத்தில் அண்டாவுக்குள்ளேயும் கை நுழையாது என்பார்கள். குழாய்க்குக் கீழே எப்படி நுழையும்?

பலசாலிப் பையன் முண்டியடித்துக் குடித்து விடுவான். ஒன்றாம் வகுப்புக் குழந்தை வாயைத் துடைத்துக் கொண்டு திரும்பி வரும், தண்ணீர் குடிக்காமலே.

பெண் பிள்ளைகள் கதை இன்னும் மோசம். கழிவறைக்கு வரிசை நீளம். கதவு சரியில்லை, தண்ணீர் இல்லை என்றால் போகவே கூச்சம். அதனால் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருந்து விடுகிறார்கள். சாயங்காலம் வீட்டுக்கு ஓடி வந்து புத்தகப் பையை வீசிவிட்டு முதலில் எங்கே ஓடுகிறார்கள் என்று தாய்மார்களுக்குத் தெரியும். தண்ணீரைக் குறைத்து, சிறுநீரையும் அடக்கி வைத்தால் நீர்க்கடுப்பும் கிருமித் தொல்லையும் வரும் என்பது எந்த டாக்டரும் சொல்வது.

2014-ல் மத்திய அரசு தூய்மைப் பள்ளித் திட்டத்தில் ஓர் அளவு சொன்னது. 40 பிள்ளைகளுக்கு ஒரு கழிவறை, அதோடு மூன்று சிறுநீர் கழிப்பிடம் இருப்பது நல்லது என்றது. நகரத்து நெருக்கடியில் உள்ள பள்ளிகள் இந்த அளவுக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கின்றன என்று அதிகாரிகள் போய் எண்ணிப் பார்க்கட்டும்.

மணி அடித்தது, குடிக்க விட்டார்களா?

நல்ல காரியமும் நடக்காமல் இல்லை. தண்ணீர் குடிப்பதற்கென்றே தனி மணி அடிக்கும் பழக்கம் 2019-ல் கேரளப் பள்ளிகளில் வந்தது. 2025-ல் தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கும் "வாட்டர் பெல்" வந்தது. அவரவர் பாட்டிலை எடுத்து அங்கேயே இரண்டு மடக்கு குடித்துக் கொள்ளலாம். பைசா செலவில்லாத திட்டம். வரவேற்க வேண்டியதுதான்.

ஆனால் குடித்த தண்ணீர் வெளியே போக வேண்டாமா? இரண்டு மணிக்கு, "சார், ஒன்னுக்கு!" என்று சுண்டு விரலைத் தூக்கினால், "இப்பத்தானே பெல் அடிச்சாங்க, உக்காரு" என்று பதில் வந்தால் அந்த மணிக்கு அர்த்தம் என்ன?

வீட்டுப் பாடம் எழுதாத பையனை இடைவேளையில் நிறுத்தி வைப்பதும் பல இடங்களில் பழகிப் போன தண்டனை. பிரம்பு எடுக்கக்கூடாது என்று சட்டம் வந்து விட்டது. கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு, உடலை வருத்துவதும் கூடாது, மனத்தை வருத்துவதும் கூடாது என்கிறது. பசித்த பிள்ளையைச் சாப்பாட்டு மணியில் நிற்க வைப்பது எதில் சேர்த்தி? பிரம்பு இல்லாத அடி அது!

அமெரிக்கக் குழந்தை டாக்டர்கள் சங்கம் 2013-ல் ஓர் அறிக்கை விட்டது. தண்டனைக்காகவும் சரி, பாடத்துக்காகவும் சரி, இடைவேளையைப் பறிக்காதீர்கள் என்றது. விளையாடி விட்டு வந்த பிள்ளைதான் கவனமாகப் பாடம் கேட்கும் என்பது அவர்கள் சொன்ன காரணம். படிப்பில் பேர் வாங்கிய பின்லாந்தில் ஒரு மணி நேரம் என்றால் 45 நிமிடம்தான் பாடம், மிச்சம் பிள்ளைகளுக்கு.

நேரம் இல்லையா?

"நேரம் எங்கே இருக்கிறது?" என்று கேட்பார்கள். இருக்கிறது!

சட்டம் கேட்பது 200 நாளில் 800 மணி நேரம். வகுத்துப் பார்த்தால் சின்னப் பிள்ளைகளுக்கு நாளுக்கு 4 மணி நேரம் பாடம். நடுநிலை வகுப்புக்கு நாலரை மணி நேரம் சொச்சம். பள்ளியோ காலை 9 மணி சுமாருக்குத் திறந்து மாலை 4 மணி சுமாருக்கு மூடுகிறது. ஏறக்குறைய ஏழு மணி நேரம்! சட்டம் கேட்பதற்கு மேலேயே பாடம் நடத்தினாலும், நிம்மதியாகச் சாப்பிட ஒரு மணி நேரம் தாராளமாகக் கிடைக்கும்.

வாத்தியார்கள் மேல் மட்டும் பழி போடுவது நியாயம் அல்ல. சாப்பாட்டு நேரத்தில் அவர்களும் பிள்ளைகளைப் பார்த்துக் கொள்ள வேண்டும், சாப்பாட்டை ருசி பார்க்க வேண்டும், வருகைக் கணக்கை அனுப்ப வேண்டும். பல டீச்சர்கள் தங்கள் டிபன் பாக்சை மூன்று மணிக்குத் திறக்கிறார்கள். ஓய்வு இல்லாத வாத்தியார் பிள்ளைக்கு எங்கிருந்து ஓய்வு கொடுப்பார்?

சத்துணவுக் கூடத்து அம்மாக்கள் நிலையும் அதுதான். நூற்றுக்கணக்கான தட்டில் சோறும் முட்டையும் வைத்து முடிப்பதற்குள் முதல் மணி அடித்து விடுகிறது. கடைசி வரிசைப் பிள்ளை உருண்டை உருண்டையாக விழுங்கி விட்டு ஓடுகிறது. நொறுங்கத் தின்றால் நூறு வயசு என்பது பழமொழி. நொறுங்கத் தின்ன விட்டால்தானே!

செத்த பிறகுதான் விதியா?

2004 ஜூலை 16-ந்தேதி கும்பகோணத்தில் 94 பிள்ளைகள் தீயில் கருகினார்கள். பள்ளிச் சமையல்கட்டில் பிடித்த தீ கூரைக்குத் தாவியது. அதன் பிறகுதான் பள்ளிக் கூரைக் கொட்டகைகள் மீது நடவடிக்கை. 2013-ல் அதே ஜூலை 16-ந்தேதி, பீகாரில் சாரண் மாவட்டத்தில் பூச்சிமருந்து கலந்த மதிய உணவைத் தின்று 23 பிள்ளைகள் மாண்டார்கள். அதன் பிறகுதான் சாப்பாட்டுச் சோதனை பற்றி நாடெங்கும் பேச்சு.

இடைவேளை இல்லாததால் எந்தப் பிள்ளையும் ஒரே நாளில் செத்து விடாது. அதனால்தான் இதைப் பற்றி யாரும் பேசுவது இல்லை. தலைவலி, மயக்கம், வயிற்று வலி, நீர்க்கடுப்பு என்று கொஞ்சம் கொஞ்சமாக வரும் நோய்க்குக் கமிஷன் வைப்பதில்லை.

செய்ய வேண்டியது

கல்வி மந்திரியும் இலாகா அதிகாரிகளும் மனது வைத்தால் ஒரே உத்தரவில் முடிகிற வேலை இது. கோடிக்கணக்கில் பணம் வேண்டியதில்லை.

சாப்பாட்டு நேரம் குறைந்தது இவ்வளவு என்று விதியிலேயே எழுத வேண்டும். காலை, மாலை இடைவேளையை 15 நிமிடமாக்க வேண்டும். பெரிய பள்ளிகளில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் மணி அடிக்காமல் வகுப்பு வாரியாகப் பிரித்து விட வேண்டும். அப்படிச் செய்தால் அதே ஆறு குழாயே போதும். சின்ன வகுப்புகளை முதலில் சாப்பிட அனுப்ப வேண்டும். இடைவேளையில் தண்டனையும் ஸ்பெஷல் கிளாசும் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். கழிவறைக்குக் கேட்ட பிள்ளையை எந்த நேரத்திலும் தடுக்கக்கூடாது. வாத்தியார்களுக்கு முறை வைத்துச் சாப்பாட்டு ஓய்வு தர வேண்டும்.

பெற்றோரும் சும்மா இருக்கக்கூடாது. பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோருக்குத்தான் பெரும்பான்மை இடம். அடுத்த கூட்டத்தில், "எம் புள்ள எத்தனை மார்க்கு?" என்று கேட்பதோடு, "எம் புள்ளைக்குச் சாப்பிட எத்தனை நிமிஷம்?" என்றும் ஒரு கேள்வி கேட்கட்டும்.

கடையில் நாள் முழுக்க நிற்கும் சிப்பந்திக்கு உட்கார நாற்காலி போட வேண்டும் என்று 2021-ல் சட்டம் கொண்டு வந்த ராஜ்யம் இது. அந்தச் சிப்பந்தியின் மகள் அரை மணி உட்கார்ந்து சாப்பிடவும் இந்த ராஜ்யம்தான் வழி செய்ய வேண்டும்.

தட்டில் சோறு விழ நூறு வருடம் ஆனது. அதைத் தின்று முடிக்க நேரம் கொடுப்பதற்கு இன்னொரு நூறு வருடம் ஆகக்கூடாது!