அந்தச் சாவியின்மேல் ஜெபிக்கலாமா?

தியானப் பகுதி: 1 இராஜாக்கள் 1:5-6, உபாகமம் 22:8



பொதுத்தேர்வு முடிவுகள் வெளியாகும் மே மாதத்தில், ஆராதனை முடிந்ததும் போதகர்களைத் தேடி வரும் வேண்டுகோள் ஒன்று உண்டு. "ஐயா, புது வண்டி எடுத்திருக்கிறோம், ஜெபித்துக் கொடுங்கள்." சாவி நம் கையில் வைக்கப்படுகிறது. ஓட்டப்போவது யார் என்று கேட்டால், பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் எடுத்த மகனைத் தாயும் தகப்பனும் பெருமையோடு முன்னே நிறுத்துகிறார்கள். அவனுக்கு வயது பதினாறு. வசதியுள்ள வீடுகளில் சாவி காருடையதாக இருக்கிறது, வேறுபாடு அவ்வளவுதான்.

அந்தச் சாவியின்மேல் ஜெபிக்கக் கூடாது என்பதே இவ்வாரம் நான் சொல்ல வந்தது. சிலர் மனம் வருந்தக்கூடும் என்று அறிந்தே எழுதுகிறேன்.

தாவீதின் குமாரனாகிய அதோனியா தன்னைத்தான் உயர்த்தி, தனக்கென்று இரதங்களையும் குதிரைவீரரையும், தனக்கு முன்னே ஓட ஐம்பது சேவகரையும் ஏற்படுத்திக்கொண்டான். அவனுக்கு முன் அப்சலோமும் இதையே செய்திருந்தான். முதல் மகனின் இரதம் எங்கே போய் முடிந்தது என்று தாவீதுக்குத் தெரியும். ஆயினும், ஏன் இப்படிச் செய்கிறாய் என்று அதோனியாவை அவன் ஒருபோதும் கேட்டதில்லை என வேதம் சாட்சியிடுகிறது. கோலியாத்தின் முன் நின்றவனுக்குத் தன் பிள்ளையின் முகம் வாடுவதைப் பார்க்கும் தைரியம் இல்லை. அதோனியா பாலகன் அல்லன், வளர்ந்த மனிதன். ஆனால் அவனைக் கண்டிக்கவேண்டிய காலம் அவன் வளர்வதற்கு முன்பே வீணாய்க் கழிந்துபோயிருந்தது. தகப்பன் மரித்த பின்பு அவனும் வெட்டுண்டு மாண்டான்.

இன்று பல வீடுகளில் நடப்பது தாவீதின் மௌனமே. நாம் அதற்குப் பாசம் என்று பெயரிட்டிருக்கிறோம்.

தேசத்தின் சட்டம் இதில் மௌனமாக இல்லை. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி பொது இடத்தில் வாகனம் ஓட்டப் பதினெட்டு வயது நிறைந்திருக்க வேண்டும். பதினாறு வயதுக்கு அது அனுமதிப்பது 50 சிசிக்கு மேற்படாத இருசக்கர வாகனம் மட்டுமே. அதற்கும் உரிமம் வேண்டும். கடைகளில் இன்று நிற்கும் பெட்ரோல் ஸ்கூட்டர்களில் பெரும்பாலானவை 100 சிசிக்கு மேற்பட்டவை. 2019 செப்டம்பர் முதல் நடைமுறையில் உள்ள 199ஏ பிரிவின்படி, சிறுவன் வாகனத்தில் குற்றம் செய்தால் பெற்றோரோ வண்டியின் உரிமையாளரோ குற்றவாளியாகக் கருதப்படுவர். மூன்று ஆண்டுகள் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்தாகும். சிறுவனுக்கு 25 வயதுவரை உரிமம் கிடைக்காது. தனக்குத் தெரியாமல் நடந்தது என்றோ, தடுக்கத் தக்க முயற்சி எல்லாம் செய்ததாகவோ நிரூபிக்கவேண்டியது பெற்றோரின் பொறுப்பு.

இது கடுமையான சட்டம் என்று முணுமுணுக்கிறவர்கள் யாத்திராகமம் 21-ஐத் திறந்து பார்க்கட்டும். முட்டுகிற மாடு என்று எச்சரிக்கப்பட்டும் அதைக் கட்டிவைக்காத எஜமான்மேல், அந்த மாடு கொன்ற உயிரின் பழி சுமரும் என்று மோசேயின் பிரமாணம் அன்றே சொன்னது.

"என் மகன் நன்றாக ஓட்டுவான்" என்கிறீர்கள். வண்டியை நிலைதடுமாறாமல் செலுத்துவது ஒரு திறமை. அது பதினான்கு வயதிலும் வந்துவிடும். பின்னால் இரண்டு நண்பர்கள் ஏறிக்கொண்டு "இன்னும் வேகமாகப் போடா" என்று கத்தும்போது வேகத்தைக் குறைப்பது வேறு காரியம். அது முதிர்ச்சி. அதற்கு வயது வேண்டும்.

"பக்கத்துத் தெருவில் இருக்கும் டியூஷனுக்குத்தானே" என்கிறீர்கள். பக்கத்துத் தெருவென்றால் நடக்கலாம். தூரமென்றால், பள்ளி மாணவருக்கு இலவசப் பேருந்துப் பயண அட்டை இருக்கிறது. அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் பதினோராம் வகுப்பில் கொடுக்கப்படும் விலையில்லா மிதிவண்டி எத்தனை வீடுகளில் துருப்பிடித்துச் சாய்ந்து கிடக்கிறது! பேருந்தே எட்டிப்பாராத ஊர்கள் உண்டென்பதை மறுக்கவில்லை. அங்கே தகப்பன் கொண்டுபோய் விடட்டும். அண்டை வீட்டாரோடு முறைவைத்துக் கொள்ளட்டும். சிரமந்தான். ஆனால் பிள்ளை வளர்ப்பில் சிரமத்துக்கு விலக்கு உண்டென்று யார் நமக்குச் சொன்னது?

"கெட்ட குமாரனின் தகப்பனும் கேட்டதைக் கொடுத்தாரே" என்று வேத அறிவோடு வாதிடுகிறவர்களும் உண்டு. அந்த மகன் அழித்தது ஆஸ்தியை. திரும்பி வந்தபோது மோதிரமும் பாதரட்சையும் அவனுக்காகக் காத்திருந்தன. சாலையில் போன உயிருக்குத் திரும்பி வரும் வழி இல்லை.

அந்த உயிர் உங்கள் மகனுடையதாக மட்டும் இருக்கவேண்டும் என்பதுமில்லை. 2024 மே 19 அதிகாலையில் புனே நகரில் பதினேழு வயதுச் சிறுவன் ஓட்டிய போர்ஷே கார் மோதி, இருசக்கர வாகனத்தில் சென்ற இரண்டு இளம் பொறியாளர்கள் மாண்டார்கள். அன்றே ஜாமீன் கிடைத்தது. நிபந்தனைகளில் ஒன்று, சாலை விபத்துகளைப் பற்றி 300 சொற்களில் கட்டுரை எழுதுவது. தேசமே கொதித்தது. பின்பு தகப்பனும், இரத்த மாதிரியை மாற்றிய குற்றச்சாட்டில் தாயும் கைதானார்கள். நாமும் அந்தப் பெற்றோரைக் கடிந்து பேசினோம். அவர்கள் கொடுத்ததற்கும் நாம் கொடுப்பதற்கும் இடையே விலையில் மட்டுமே வேறுபாடு.

இந்தியச் சாலைகளில் 2022-ஆம் ஆண்டில் மாண்டவர்கள் 1,68,491 பேர் என்று மத்திய அரசின் அறிக்கை சொல்கிறது. அவர்களில் நூற்றுக்கு நாற்பத்துநான்கு பேருக்கு மேல் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள்.

இனி, அந்தச் சாவியின்மேல் ஏறெடுக்கப்படும் ஜெபத்துக்கு வருகிறேன். புது வீடு கட்டுகிறவன் மெத்தைக்குக் கைப்பிடிச்சுவர் கட்டவேண்டும், யாராவது விழுந்தால் இரத்தப்பழி அந்த வீட்டின்மேல் வரும் என்று கர்த்தர் கட்டளையிட்டார். சுவருக்குப் பதிலாக ஜெபித்துக்கொள் என்று அவர் சொல்லவில்லை. தேவதூதர் தாங்கிக்கொள்வார்கள் என்ற 91-ஆம் சங்கீதத்தின் வாக்குத்தத்தத்தைத் தேவாலயத்து உப்பரிகையில் நின்று எடுத்துக்காட்டியவன் யார்? சாத்தான். ஆண்டவர் அதைத் தேவனைப் பரீட்சை பார்ப்பதாகக் கண்டு மறுத்தார். பதினாறு வயதுப் பிள்ளையின் வண்டியில் அந்தச் சங்கீதத்தின் வசனத்தை ஒட்டி அனுப்புகிறவர்கள் எந்தப் பக்கம் நின்று அதை வாசிக்கிறார்கள் என்று சிந்திக்கட்டும்.

உடன் ஊழியரே, உங்களுக்கும் ஒரு சொல். நம் கரம் அந்தச் சாவியின்மேல் படும்போது, பெற்றோரின் மனச்சாட்சியில் மிஞ்சியிருந்த கேள்வியும் அடங்கிவிடுகிறது. சபை சம்மதித்தது என்று பிள்ளையும் நினைக்கிறான். காணிக்கைக் குறைவுக்கும் மனஸ்தாபத்துக்கும் அஞ்சி நாம் மௌனமாயிருந்தால், குமாரரை அடக்காமற்போன ஏலியின் இருக்கையில் அமர்ந்திருக்கிறோம். பிள்ளையின் தலையில் கைவைத்து ஜெபியுங்கள். சாவியைத் தகப்பனிடம் திருப்பிக் கொடுங்கள்.

சுதந்தரவாளி எல்லாவற்றிற்கும் எஜமானாயிருந்தும், சிறுபிள்ளையாயிருக்கும் காலமெல்லாம் தகப்பன் குறித்த நாள்வரை காப்பாளரின் கீழ் இருக்கிறான் என்று கலாத்தியருக்குப் பவுல் எழுதினார். காத்திருத்தல் சுதந்தரத்தைக் குறைப்பதில்லை. வாக்குக் கொடுத்துவிட்டோமே என்று தயங்குகிற பெற்றோரே, கொடுக்கக் கூடாததை வாக்களித்திருந்தால், பிள்ளையை அருகே அமர்த்தி அந்த வாக்கைத் திரும்பப் பெறுங்கள். அவன் சில நாள் பேசாமலிருப்பான், கதவைச் சாத்திக்கொள்வான். தாங்கிக்கொள்ளுங்கள். பதினெட்டு நிறைந்தபின் பழகுநர் உரிமம் எடுத்துக் கொடுத்து, முறையாகக் கற்பித்து, தலைக்கவசத்தோடு அந்தச் சாவியைக் கொடுங்கள். அன்று அழையுங்கள். மகிழ்ச்சியோடு வந்து ஜெபிப்பேன்.

ஜெபம்: பரம பிதாவே, எங்கள் பிள்ளைகளுக்கு "இப்போது வேண்டாம்" என்று சொல்லும் பெலனைத் தாரும். அவர்களுடைய கோபத்தைக் கண்டு அஞ்சாத அன்பை எங்களுக்குத் தாரும். எங்கள் வீட்டின்மேல் இரத்தப்பழி வராதபடி காத்தருளும். இயேசுவின் நாமத்தில் வேண்டுகிறோம். ஆமென்.