மணி ஒலித்தால் மட்டும் போதுமா?

துன்பம் வருமுன்பே தன்னைக் காத்துக்கொள்ளாதவன், தீக்கு அருகில் கிடக்கும் வைக்கோற்போரைப் போன்றவன் என்பது வள்ளுவர் கருத்து. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் அது உவமையாக நில்லாமல் உண்மையாகவே நடந்தது. சமையற்கூடத்தில் பற்றிய தீ, பள்ளியின் கீற்றுக் கூரைக்குத் தாவி 94 பிஞ்சு உயிர்களைப் பறித்தது. அதன்பின் பள்ளிகளில் கீற்றுக் கூரையை அகற்ற அரசு ஆணையிட்டது. இன்று சுவர்களில் தீயணைப்பு உருளைகள் தொங்குகின்றன. அவை தொங்கினால் மட்டும் போதாது என்பதே என் கருத்து.

அமெரிக்காவில் சிகாகோ நகரின் சம்மனசுகளின் மாதா பள்ளியில் 1958 டிசம்பர் 1 அன்று தீப்பிடித்தது. 92 மாணவ மாணவியரும் 3 கன்னியரும் மாண்டனர். சில வாரங்களுக்கு முன்புதான் அப்பள்ளி தீப் பாதுகாப்புச் சோதனையில் தேறியிருந்தது! மணி இருந்தது, அது தீயணைப்பு நிலையத்தோடு இணைக்கப்படவில்லை. மாடிப்படி இருந்தது, மேல்மாடியில் புகையைத் தடுக்கக் கதவு இல்லை. வண்டிகள் வந்தன, பூட்டிய இரும்புக் கதவை உடைப்பதில் நேரம் போயிற்று.

நம் இரும்புலியூரைப் பாருங்கள். ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி அடுக்குமாடி வீடுகள் எழுந்துள்ளன. இத்தகைய கட்டடங்களில் உருளையை ஒருவர் நிரப்புகிறார். ஜெனரேட்டரை வேறொருவர் பார்க்கிறார். லிஃப்டுக்கு ஒருவர், பம்புக்கு ஒருவர். மொட்டைமாடிச் சாவியோ காவலாளியிடம்! அவரவர் வேலை சரியாகவே இருக்கலாம். ஆனால் தீப்பிடித்தால் முதலில் மின்சாரத்தை நிறுத்துவார்கள். அப்போது மணி ஒலிக்குமா? பம்பு ஓடுமா? லிஃப்டினுள் இருப்பவர் கதி என்ன? இருட்டில் படி தெரியுமா? எல்லாவற்றையும் ஒரே வேளையில் இயக்கிப் பார்த்தாலன்றி இவற்றிற்கு விடை கிடைக்காது.

பாடநேரம் வீணாகும், சிறு குழந்தைகள் அஞ்சுவார்கள் என்று சிலர் கூறலாம். அரைமணி நேரப் பாடத்தை மறுநாள் படித்துக்கொள்ளலாம். பழகிய குழந்தைக்கு அச்சம் குறையும். நாள் குறித்து, கதவுகளைத் திறந்து வைத்து நடத்தும் ஒத்திகையோ, வினாத்தாளை முன்பே காட்டிவிட்டு வைக்கும் தேர்வைப் போன்றது. அத்தேர்வை நம் ஆசிரியைகள் ஒப்புக்கொள்வார்களா?

1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுக வெடிவிபத்தில் உயிர்நீத்த தீயணைப்பு வீரர்களின் நினைவாக, ஆண்டுதோறும் ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம் கொண்டாடப்படுகிறது. நமக்கோ அது தேர்வும் விடுமுறையும் நெருங்கும் காலம். ஆகவே கும்பகோணக் குழந்தைகளின் நினைவாக ஒவ்வொரு ஜூலையிலும் முழுச் சோதனை ஒன்று நடத்தலாம். மாதத்தை அறிவித்தால் போதும். நாளை அறிவிக்க வேண்டாம். மின்சாரத்தை நிறுத்தி, ஒரு படிக்கட்டை அடைத்து, மணி அடித்து, அனைவரும் வெளியேறித் தலை எண்ணி, ஆன நிமிடங்களைக் குறித்து வைக்க வேண்டும். பெரிய வகுப்பு மாணவியர் சிறியவர்களின் கையைப் பிடித்து அழைத்து வரலாம். கண்ட குறைகளைத் திருத்தி, மீண்டும் ஒருமுறை நடத்த வேண்டும்.

பெற்றோர்களே, உங்கள் குடியிருப்புச் சங்கக் கூட்டத்திலும் இதைக் கேளுங்கள். தோழியரே, மாடிப்படிக் கதவின் சாவி யாரிடம் உள்ளது என்பதை இன்றே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தீ வந்தபின் தேடுவதற்கு நமக்கு நேரம் இராது!

– பத்தாம் வகுப்பு மாணவி