காரை மறித்த தாத்தா பாட்டிகள்

1989 ஆகஸ்ட் 17. சிகாகோவில் ஒரு சந்திப்பை முடித்துக்கொண்டு காரில் ஏறுகிறார் டான் ராஸ்டன்கோவ்ஸ்கி. அமெரிக்க நாடாளுமன்றத்தில் வரி விவகாரங்களைக் கவனிக்கும் குழுவின் தலைவர். சொந்த ஊரில் பெரிய செல்வாக்கு. அன்று அவர் காரைச் சூழ்ந்துகொண்டவர்கள் எல்லாம் தலை நரைத்தவர்கள். கூச்சல் போடுகிறார்கள், காரைத் தட்டுகிறார்கள். ஒரு பாட்டி காரின் முன்பக்கத்திலேயே சாய்ந்துவிட்டார். தலைவர் இறங்கி, ஓட்டமும் நடையுமாகத் தப்பினார். டிவியில் நாடே பார்த்தது.

அவர் செய்த குற்றம்? அந்தப் பெரியவர்களுக்காகவே ஒரு சட்டத்தை நிறைவேற்றியது!

அமெரிக்காவில் 65 வயதானால் மெடிகேர் என்ற அரசுக் காப்பீடு உண்டு. அதில் பெரிய ஓட்டை இருந்தது. நீண்ட நாள் ஆஸ்பத்திரியில் படுத்தால் கைக்காசு எவ்வளவு போகும் என்பதற்கு வரம்பே இல்லை. வீட்டில் சாப்பிடும் மாத்திரைக்கும் பணம் கிடையாது. பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போய், ஊர் திரும்பும்வரை பல்வலியைப் பொறுத்துக்கொண்ட நம்மூர் பெற்றோருக்கு அங்கத்திய பில் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஓட்டையை அடைக்கும் சட்டத்தில் 1988 ஜூலையில் ரீகன் கையெழுத்திட்டார். இரண்டு கட்சிகளுமே ஆதரித்தன.

சிக்கல் தேதியில் இருந்தது. வசதியுள்ள முதியவர்கள் 1989 முதலே கூடுதல் கட்டணம் கட்ட வேண்டும், ஆளுக்கு 800 டாலர் வரை. மாத்திரைச் செலவுக்கான உதவியோ 1991-இல்தான் தொடங்கும். முழு 800-ஐக் கட்ட வேண்டியவர்கள் நூற்றுக்கு ஐந்தாறு பேர்தான். ஆனால், நமக்கும் அவ்வளவு வரும் என்று எல்லோருமே பயந்தார்கள். பலருக்குப் பழைய கம்பெனி மூலம் இதே வசதி ஏற்கெனவே இருந்தது. ஒருமுறை மொய் எழுதியவரிடம் மறுபடியும் நோட்டை நீட்டினால் கோபம் வராதா?

அந்த ஆண்டு முடிவதற்குள் சட்டத்தை ரத்து செய்துவிட்டார்கள். மெடிகேரில் மாத்திரைக்கான உதவி வந்து சேர்ந்தது 2006-இல். இடைப்பட்ட 17 ஆண்டுகளில் எத்தனை பெரியவர்கள் மாத்திரைக்குக் கைக்காசு கொடுத்தே போய்ச் சேர்ந்தார்களோ!

அவர்களை ஏமாளிகள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கையில் இருக்கும் அட்டை இன்று வேலை செய்கிறது. அரசாங்கம் காட்டுவது நாளைக்கு வரப்போகும் ஒன்றை. எதை நம்புவார்கள்?

2010-இல் ஒபாமா கொண்டுவந்த சட்டத்துக்கும் இதேதான் நடந்தது. அன்று அமெரிக்கர்களில் ஆறில் ஒருவருக்குக் காப்பீடு இல்லை. அப்படியென்றால் ஆறில் ஐந்து பேருக்கு ஏதோ ஒன்று இருந்தது, அதை இழந்துவிடுவோமோ என்ற பயமும் இருந்தது. இல்லாதவர்களில் பலர் ஓட்டுப் போடவும் வருவதில்லை. மசோதா விவாதத்தில் இருந்தபோது தெற்கு கரோலினாவில் ஒரு பெரியவர் தன் எம்.பி.யிடம், "என் மெடிகேரில் அரசாங்கம் கை வைக்கக் கூடாது" என்றாராம். மெடிகேரே அரசாங்கத்துடையது என்று எம்.பி. விளக்கியும் அவர் கேட்கவில்லை!

"இப்போதைய பாலிசி பிடித்திருந்தால் அதையே வைத்துக்கொள்ளலாம்" என்று ஒபாமா வாக்குக் கொடுத்திருந்தார். 2013-இல் லட்சக்கணக்கான வீடுகளுக்குப் பாலிசி ரத்து என்று கடிதம் வந்தது. புதிய பாலிசி வாங்குவதற்கான அரசு இணையதளமோ திறந்த அன்றே படுத்துவிட்டது. ஒபாமா மன்னிப்புக் கேட்டார். இதில் அவருக்காகப் பரிந்து பேச ஒன்றுமில்லை. எல்லோருக்கும் பொருந்தாது என்று தெரிந்த வாக்கை அப்படிக் கொடுத்திருக்கக் கூடாது.

சட்டத்தின் முக்கியப் பலன்கள் நடைமுறைக்கு வந்தது 2014 ஜனவரியில். தேர்தல் அதற்கு முன்பே, 2010 நவம்பரில் வந்துவிட்டது. ஒபாமா கட்சி கீழ்ச்சபையில் 63 இடங்களை இழந்தது.

ஆனால் 2017-இல் டிரம்ப் கட்சியினர் சட்டத்தை நீக்கக் கிளம்பியபோது காட்சி தலைகீழானது. அதற்குள் பல வீடுகளில் அந்தச் சட்டத்தால் கிடைத்த அட்டை இருந்தது. ஏற்கெனவே நோய் இருப்பவருக்குக் காப்பீடு மறுக்கக் கூடாது என்ற விதியால் பிழைத்தவர்கள் இருந்தார்கள். இப்போது இழக்கப் பயந்தவர்கள் இவர்கள். ஊர்க்கூட்டங்களில் மறுபடியும் கூச்சல், எதிர்ப்பக்கத்திலிருந்து! சட்டத்துக்கான ஆதரவும் கருத்துக்கணிப்புகளில் ஏறியது. மேல்சபையில், மூளைப் புற்றுநோய் இருப்பது தெரிந்து சில நாட்களே ஆகியிருந்த ஜான் மெக்கெய்ன், சொந்தக் கட்சிக்கு எதிராகக் கட்டை விரலைக் கீழே காட்டினார். 51-க்கு 49. சட்டம் தப்பியது.

2010 தேர்தலில் இந்தச் சட்டத்தின் பெயரை எடுக்கவே ஒபாமா கட்சியில் பல வேட்பாளர்கள் தயங்கினார்கள். 2018-இல் அதே கட்சியின் விளம்பரங்களில் பெரும்பாலும் அதே பேச்சுதான். கீழ்ச்சபை மறுபடி அவர்கள் கைக்கு வந்தது.