பல்பை மாற்றுமுன் கம்பியைப் பாருங்கள்

"வெளிச்சம் போதவில்லையா? 100 வாட் பல்பு போட்டுவிடலாம்." கார் உதிரிபாகக் கடைகளில் எளிதாகக் கிடைக்கும் ஆலோசனை இது. என் நண்பர் ஒருவர் தம் பழைய காருக்கு அப்படியே செய்தார். மூன்றாம் வாரம், இரவில் ஊர் திரும்பும்போது, ஸ்டியரிங்கின் அடியிலிருந்து பிளாஸ்டிக் கருகும் நாற்றம் வந்தது. சிறிது நேரத்தில் இரு முகப்பு விளக்குகளும் அணைந்தன. நேரான சாலையாக இருந்ததால் வண்டியை ஓரங்கட்ட முடிந்தது. மட்டமான பல்பை விற்றுவிட்டார்கள் என்பது அவர் புகார். பல்பின் மீது குற்றமில்லை என்பது என் கட்சி.

மாணவர்களே, ஓமின் விதியைப் படித்திருப்பீர்கள். கணக்கின் அடியில் 'இணைப்புக் கம்பிகளின் மின்தடையைப் புறக்கணிக்கவும்' என்று ஒரு வரி இருந்திருக்கும். அந்த வரியை எழுதும் ஆசிரியர்களில் நானும் ஒருவன். வீட்டு மின்சாரத்துக்கு அது பெரும்பாலும் பொருந்தும். 230 வோல்ட்டில் 60 வாட் பல்பு எடுப்பது ஏறத்தாழ கால் ஆம்பியர்தான். காரின் 12 வோல்ட்டில் அதே 60 வாட்டுக்கு 5 ஆம்பியர் வேண்டும். இரு விளக்குகளுக்கும் சேர்த்து 10 ஆம்பியர். பல பழைய கார்களில் இந்த மின்னோட்டம் முழுவதும் பாட்டரியிலிருந்து ஓட்டுநரின் சுவிட்சுக்கு வந்து, அங்கிருந்து மீண்டும் முன்புறம் சென்றாக வேண்டும்.

ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்புள்ள செம்புக் கம்பியின் மின்தடை மீட்டருக்கு 0.017 ஓம். 5 மீட்டருக்கு 0.085 ஓம். பழைய சுவிட்சும் இணைப்புகளும் 0.05 ஓம் என்று கொள்வோம். மொத்தம் 0.135 ஓம். புறக்கணிக்கத் தக்க எண்ணாகத்தானே தோன்றுகிறது? 10 ஆம்பியரால் பெருக்கிப் பாருங்கள்: 1.35 வோல்ட். என்ஜின் ஓடும்போது பாட்டரியில் 13.5 வோல்ட் இருந்தாலும் பல்புக்குச் சேர்வது 12.15 வோல்ட்தான்.

பத்தில் ஒரு பங்குதானே குறைந்தது என்று எண்ணாதீர்கள். டங்ஸ்டன் இழை தரும் ஒளி, மின்னழுத்தத்தின் ஏறத்தாழ 3.4 ஆம் அடுக்கைப் பொறுத்து மாறுகிறது. மின்னழுத்தம் 10 சதவீதம் குறைந்தால் ஒளி 30 சதவீதம் குறைந்துவிடும். விளக்கு மங்கலாக எரிந்ததன் காரணம் இதுதான்.

இதே கம்பியில் 100 வாட் பல்புகளைப் பொருத்துவோம். மின்னோட்டம் 16 ஆம்பியரைத் தாண்டுகிறது. கம்பியில் இழப்பு ஏறத்தாழ 2.2 வோல்ட். பல்புக்குக் கிட்டுவது 11.3 வோல்ட். முழு 13.5 வோல்ட்டில் எரியும் 60 வாட் பல்பின் ஒளியை 100 என்று வைத்தால், மெலிந்த கம்பியில் 60 வாட் பல்பு தந்தது 70. அதே கம்பியில் 100 வாட் பல்பு தருவது சுமார் 90. கம்பியைச் சரிசெய்துவிட்டால் பழைய 60 வாட் பல்பே 95 வரை தரும்! கம்பியில் வீணாகும் வெப்பமோ 13 வாட்டிலிருந்து 35 வாட்டுக்கு ஏறிவிட்டது. அதில் சுமார் 13 வாட், சுவிட்சிலும் இணைப்புகளிலும் உள்ள சின்னஞ்சிறு தொடுமுனைகளில் குவிகிறது. நண்பரின் காரில் கருகியது அந்த இடந்தான்.

உருகி ஏன் காப்பாற்றவில்லை? 15 ஆம்பியர் நீல உருகி இரண்டு முறை போனதும், யாரோ 30 ஆம்பியர் பச்சை உருகியைச் செருகியிருந்தார்கள். உருகி இருப்பது கம்பியைக் காப்பதற்காக. அதைப் பெரிதாக்கினால், அடுத்தபடி உருகுவது கம்பிதான்.

சரியான வழி ரிலே. உள்ளே ஒரு சிறு மின்காந்தம், அதற்கு 0.15 ஆம்பியர் அளவு போதும். பழைய சுவிட்சும் மெல்லிய கம்பியும் இந்தச் சிறு மின்னோட்டத்தை மட்டும் கடத்துகின்றன. மின்காந்தம் தொடுமுனையை இழுத்து மூட, பாட்டரியிலிருந்து நேராக வரும் 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பி வழியே பெரிய மின்னோட்டம் பல்புக்குச் செல்கிறது. ரிலேயின் அடியில் எண்கள் பொறித்திருக்கும்: 30 பாட்டரிக்கு, 87 விளக்குக்கு, 85, 86 மின்காந்தச் சுருளுக்கு. 'பிரைட்'டுக்கு ஒன்று, 'டிம்'முக்கு ஒன்று என இரண்டு ரிலேக்கள் வேண்டும். புதிய கம்பிக்குரிய உருகி பாட்டரிக்கு அருகிலேயே இருக்கவேண்டும். துருப்பிடித்த எர்த் இணைப்பைச் சுரண்டிச் சுத்தம் செய்வதையும் மறக்கக் கூடாது; போன மின்னோட்டம் திரும்பும் வழி அது. இவ்வேலையை எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். கார் பாட்டரியில் குறுக்குச் சுற்று ஏற்பட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும்.

அளந்து பார்ப்பதை நீங்கள் செய்யலாம். விளக்கை எரியவிட்டு, பாட்டரி முனைகளில் ஒரு முறையும், பல்பின் இணைப்பு முனைகளில் ஒரு முறையும் மல்டிமீட்டரால் அளவிடுங்கள். விளக்கு எரியாதபோது பல்பைக் கழற்றிவிட்டு அளந்து, "முழு வோல்ட்டும் வருகிறதே" என்பவர்கள் உண்டு. மின்னோட்டமே இல்லாத கம்பியில் மின்னழுத்த இழப்பு எப்படி ஏற்படும்?

எதிரே வருபவரின் கண்ணையும் நினைக்க வேண்டும். அதிக வாட் பல்புகள் சிலவற்றின் பெட்டியிலேயே 'பொதுச்சாலைக்கு அன்று' என்று அச்சிட்டிருக்கும், யாரும் படிப்பதில்லை. இக்காலத்தில் விற்கும் எல்.இ.டி. பல்புகள் குறைந்த மின்னோட்டமே எடுப்பதால் கம்பிக்குத் தீங்கில்லை. ஆனால் ஹாலஜன் இழைக்கென வடிவமைத்த பிரதிபலிப்பானில், ஒளி பிறக்கும் இடம் சற்று விலகினாலும் கதிர்கள் மேல்நோக்கிச் சிதறி எதிர் ஓட்டுநரைக் கூசச் செய்யும்.

நண்பரின் காரில் இப்போது இரண்டு ரிலேக்களும் பழைய 60 வாட் பல்புகளும் இருக்கின்றன. கடைசியாக அளந்தபோது பாட்டரியில் 13.6, பல்பில் 13.3 வோல்ட். அந்த 100 வாட் பல்புகள் என் ஆய்வகத்தில் உள்ளன, 3.4 ஆம் அடுக்கு விதியைச் சோதிக்க மாணவர்களுக்கு நன்கு பயன்படுகின்றன.