கதவைத் தட்டிய மூன்று பேர்: ஐடா ஸ்கடரை வேலூருக்கு அழைத்தது யார்?

“எல்லாம் ஆண்டவர் சித்தம்.” வேலூர், ஆம்பூர் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் அடிக்கடி காதில் விழும் வார்த்தை இது. ஷூ கம்பெனியில் பிள்ளைக்கு வேலை கிடைத்தாலும் சொல்வார்கள். துக்க வீட்டிலும் சொல்வார்கள். எல்லாமே அவர் சித்தம் என்றால், மனிதன் எடுக்கும் முடிவுக்கு என்ன மதிப்பு?

சி.எம்.சி மருத்துவமனையை உருவாக்கிய ஐடா ஸ்கடரின் கதையிலேயே இந்தக் கேள்வி இருக்கிறது.

1870-ல், இன்று தோல் தொழிலுக்குப் பேர்போன ராணிப்பேட்டையில் பிறந்தவர் ஐடா. தாத்தாவும் அப்பாவும் மிஷனரி டாக்டர்கள். ஆனால், அந்த வாழ்க்கை தனக்கு வேண்டாம் என்பதில் ஐடா உறுதியாக இருந்தார். அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்தவர், உடல்நலம் சரியில்லாத அம்மாவுக்குத் துணையாக இருக்கத்தான் திண்டிவனம் வந்தார்.

அங்கே ஓர் இரவு. பிரசவ வேதனையில் இருந்த மனைவிக்கு உதவி கேட்டு ஒரு பிராமணர் வந்தார். பிறகு ஓர் இஸ்லாமியர். அதன்பின் இன்னோர் இந்து. “அப்பாதான் டாக்டர், அவர் வருவார்” என்றார் ஐடா. ஆண் டாக்டர் வேண்டாம் என்று மூவருமே திரும்பிப் போனார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள்.

கடவுளே தன்னை அழைத்ததாக ஐடா நம்பினார். அவர் குடும்பத்தின் சபை, டச்சு சீர்திருத்த மரபில் வந்தது. மீட்கப்படுகிறவர்களைக் கடவுளே முன்குறித்துவிட்டார் என்பது, 1618-19-ல் நெதர்லாந்தின் டோர்ட் நகரில் கூடிய சங்கம் உறுதிசெய்த கொள்கை. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி இதை ஏற்கவில்லை. கிருபையை ஏற்கவும் மறுக்கவும் மனிதனுக்குச் சுதந்திரம் உண்டு என்றார். பின்னாளில் இரு மரபினரும் 1947-ல் உருவான தென்னிந்தியத் திருச்சபையில் ஒன்றாகச் சேர்ந்தார்கள்.

ஐடாவின் அழைப்பைப் பிரசங்கத்தில் சொல்வது எளிது. இறந்துபோன அந்த மூன்று பெண்கள்? ஒருவரை அழைக்க மூன்று உயிர்களா?

முன்குறிப்பை நம்புகிற சீர்திருத்த மரபுகூட, கடவுளைத் தீமையின் காரணராகச் சொல்வதில்லை. ஆதியாகமத்தில் யோசேப்பை விற்றது அண்ணன்கள் செய்த துரோகம்தான். அவர்கள் செய்த தீமையைக் கடவுள் நன்மையாக மாற்றினார் என்றுதான் யோசேப்பு சொல்கிறார். துரோகத்தை நல்லது என்று சொல்லவில்லை. அந்த மூன்று உயிர்கள் போனதற்கும் மனிதக் காரணங்கள் உண்டு: ஆண் டாக்டரை அனுமதிக்காத வழக்கம், கூப்பிடுவதற்கு ஒரு பெண் டாக்டர்கூட இல்லாத நிலை.

மாற்ற முடிந்த அந்தக் காரணத்தைத்தான் ஐடா கையில் எடுத்தார். 1899-ல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1900-ல் இந்தியா திரும்பினார். 1902-ல் வேலூரில் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை திறக்கப்பட்டது. தான் ஒருத்தி மட்டும் டாக்டராக இருந்தால் போதாது என்று, 1918-ல் பெண்களுக்காக மருத்துவப் பள்ளியையும் தொடங்கினார்.

அந்த இரவில் கதவு தட்டப்பட்டதில் கடவுளின் கை இருந்ததாக ஐடா நம்பினார். ஆனால் விடிந்ததும் அப்பா, அம்மாவிடம் போய், டாக்டருக்குப் படிக்கப் போவதாகச் சொன்னது ஐடாதான்.